பொடியனில் கட்டின காசு

1

போன புதன்கிழமையோடு நான் கனடாவில் கால்வைத்து முப்பத்தைந்து வருடம் முடிந்தது. வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. மனைவி சாந்தி வழமைபோல முதல்நாள் புட்டையும் மீன்குழம்பையும் பெட்டியில் போட்டுத் தந்து, பெட்டியைத் தொலைக்காமல் கொண்டுவரச் சொன்னதோடு சரி. நான் வாசலில் குந்தியிருந்து சப்பாத்தை மிக மெதுவாகக் கட்டினேன். இரண்டு தரம் கனைத்தும் பார்த்தேன். இருமல் மருந்து குசினி அலுமாரியில் இருக்கிறது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தட்டில். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற களஞ்சியம் மிசிசாகாவில், விமானநிலையத்துக்குப் பக்கத்தில். வீதி வெறுமையாக இருந்தால் நாற்பது நிமிடத்தில் போய்விடலாம். வீதி வெறுமையாக இருந்ததை நான் கடைசியாகக் கண்டது பெருந்தொற்றுக் காலத்தில். ஆகவே காரில் ரேடியோதான் எனக்குத் துணை. அன்று அதில் முதல் செய்தியே எங்கள் வீட்டுச் செய்தியாக இருந்தது.

எங்கள் ஊர் பேஸ்போல் அணி பெருந்தொகை கொடுத்து ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பந்துவீச்சாளருக்கு முழங்கையில் தசைநார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்யவேண்டும். இந்த வருடம் போனது போனதுதான், அடுத்த வருடமும் பாதி போன பிறகுதான் பந்தைத் தொடுவார் என்றார்கள். செய்தி முடிந்ததும், விளையாட்டை அலசுகிற இரண்டு பேர் தொடங்கினார்கள். இப்படி வீணாய்ப் போன காசைத் தாங்கள் பிறந்தநாளிலிருந்து காணவில்லை என்ற மாதிரிப் பேச்சு. "இந்த ஆளை வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தது யார்? முதலில் அவரை வீட்டுக்கு அனுப்பவேண்டும்" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார்.

எழுதிக் கொடுத்தது என் மகள் ஆரபி. வீட்டுக்கு அனுப்பினால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. ஆனால் அவளுக்கு அந்த வேலை உயிர். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு மீதித் தூரமும் அந்த இரண்டு பேரையும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் திட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி மூடியிருந்தபடியால் வீதியில் ஒருவருக்கும் காயமில்லை.

மத்தியானம் சாந்தி போன் எடுத்தாள். வருகிற திங்கட்கிழமை ஆரபியின் அலுவலகத்தில் இதுபற்றிக் கூட்டம் வைக்கிறார்களாம். ஆரபி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாளாம். குரல் சரியில்லையாம். முப்பத்தைந்து வருடக் கதையை நான் அப்போதும் எடுக்கவில்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு பேஸ்போல் என்றால் விளங்காது. எல்லே என்றால் விளங்கும். பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டுச் சுற்றிவர ஓடுவோமே, அதுதான். இங்கே மூங்கிலுக்குப் பதில் உருண்டைத் துடுப்பு, காற்சட்டைக்குப் பதில் வரிபோட்ட உடுப்பு, புழுதிக்குப் பதில் நாலு பேர் இழுவை போட்டுச் சமப்படுத்திய செம்மண். முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான். எல்லேயில் ஓடுகிறவனுக்குப் பந்தால் எறிந்து பட்டால் ஆள் அவுட், இங்கே அப்படி எறியக்கூடாது. கோண்டாவில் பக்கத்தில் அந்தக் காலத்தில் எனக்கு எறிகாரன் என்று நல்ல பெயர். என்னுடைய பந்தை முதுகில் வாங்கினவர்கள் இன்றைக்கு ஜேர்மனியிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். சந்தித்தால் முதலில் முதுகைத்தான் தடவுவார்கள்.

ஆரபிக்கு எட்டு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவச ரிக்கெற் இரண்டு கொடுத்தார்கள். நானும் அவளும் போனோம். நகரத்தின் நடுவில் பெரிய அரங்கு, எங்கள் இருக்கை கிட்டத்தட்ட ஆகாயத்தில். எதிரணிக்காரன் ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓடினான். எங்கள் ஆள் பந்தை எடுத்துவிட்டார். ஓடுகிறவன் பத்தடியில், முதுகு பரந்து கிடக்கிறது, இவர் எறியாமல் வேறு பக்கம் பார்க்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று, "எறி, உவன்ர முதுகில எறி" என்று கத்தினேன். தமிழ் விளங்காது என்று நினைவு வந்ததும் ஆங்கிலத்தில் "ஹிட் ஹிம், ஹிட் ஹிம்" என்று மொழிபெயர்த்தேன். முன்வரிசையில் எல்லோரும் திரும்பினார்கள். காவல்காரர் ஒருவர் வந்து, எல்லாம் சரிதானா சேர் என்று கேட்டார். பிள்ளை இருக்கைக்குக் கீழே இறங்கிவிட்டாள்.

அடுத்த கிழமை அவள் நூலகத்தில் பேஸ்போல் விதிகள் புத்தகம் எடுத்து வந்தாள், எனக்குப் படிப்பிக்க. நான் மூன்றாம் பக்கத்தில் நித்திரை. அவள் முடித்தாள், இன்னொன்று எடுத்தாள். பிறகு பத்திரிகையில் வரும் எண்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டினாள். பிள்ளை இந்த விளையாட்டுக்குள் போனதற்கு என் வாய்தான் காரணம் என்று சாந்தி இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வதில் பிழையில்லை.

பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தபோது, வங்கியிலோ காப்புறுதியிலோ போய் இருப்பாள் என்று நம்பினோம். ஒருநாள் வந்து, பேஸ்போல் அணியின் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, யாரைக் கொண்டுவரலாம் என்று சொல்கிற பிரிவு. கலியாண வீடுகளில் அன்ரிமார் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் சாந்தி "புள்ளிவிபரம்" என்று சொல்லிவிட்டு வடையை வாயில் வைத்துக்கொள்வாள். ஒரு அன்ரி, அது அரசாங்க வேலையோ, பென்சன் வருமோ என்று விடாமல் கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு நொந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இவளை அனுப்ப நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிற்றுக்குத்து, தலைக்குத்து, கடைசியில் வகுப்பில் பாதியில் அழுகை. ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டோம். அதே பிள்ளை இந்த வேலைக்குப் போனபிறகு இரண்டு வருடத்தில் ஜப்பான் மொழி படித்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அந்த எழுத்துகளைக் கோடு கோடாக எழுதிப் பழகுவாள். நான் பக்கத்தில் இருந்து தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் புரட்டுவேன். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

3

இந்த வாங்கல் விற்றல் எப்படி நடக்கிறது என்று போன மாரியில் அவள் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். அந்தப் பந்துவீச்சாளர் ஜப்பானில் ஒரு கழகத்தின் ஆள். அவர் இங்கே வர விரும்பினால், முதலில் அந்தக் கழகம் மனம் ஒப்பி விடவேண்டும். பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் இங்கே உள்ள அணிகள் அவரோடு பேசலாம். ஒப்பந்தம் சரிவந்தால் அவருக்குச் சம்பளம். அதைவிட, அவரை விட்டுக்கொடுத்த கழகத்துக்கும் தனியாக ஒரு தொகை. நாள் முடிந்தும் சரிவராவிட்டால் ஆள் பழைய இடத்துக்கே திரும்பவேண்டும்.

நான் தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன். சாந்தி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப பொடியனுக்குக் குடுக்கிறது சீதனம். தாய் தேப்பனுக்குக் குடுக்கிறது டொனேசன்" என்றாள்.

ஆரபிக்கு டொனேசன் என்றால் நன்கொடை என்றுதான் தெரியும். கோயிலுக்குக் கொடுப்பது. எங்கள் ஊர்க் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறதை விட, மாப்பிள்ளையின் வீட்டுக்காரர் கையில் தனியாகக் கொடுக்கிற காசுக்கும் அதுதான் பெயர் என்று நான் சொன்னேன். அந்தக் காசை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளையின் சகோதரிகளுக்கு மாப்பிள்ளை எடுப்பார்கள் என்றேன். அவள் கதிரையில் சாய்ந்து சிரித்தாள். ஜப்பான் கழகமும் அந்தக் காசில் வேறு பொடியன்களைத்தான் எடுக்குமாம். அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பிரிவில் வெள்ளைக்காரர், கறுப்பர், கொரியர் எல்லோரும் அந்தத் தொகையை டொனேசன் என்றுதான் சொல்கிறார்களாம்.

சாந்தி அதோடு விடவில்லை. சாதகம் பார்த்தீர்களா, செவ்வாய்க் குற்றம் ஏதும் இருக்கோ என்று கேட்டாள். "இருக்கு அம்மா, முழங்கையில" என்றாள் ஆரபி. முழங்கையை உள்ளே படம் பிடித்துப் பார்த்ததில் ஒரு இடத்தில் நார் சற்றுப் பிசிறு விட்டிருந்ததாம். பந்து எறிகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி இருக்குமாம். சிலருக்கு அது கடைசிவரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு ஒருநாள் பட்டென்று அறும்.

அதைவிட வேறு பயங்களும் இருந்தன. அங்கே பந்து கொஞ்சம் சின்னது, கையில் ஒட்டும். இங்கே பந்து வழுக்கும். அங்கே கிழமைக்கு ஒருதரம் எறிகிறவர், இங்கே ஐந்து நாளுக்கு ஒருதரம் எறியவேண்டும். சாப்பாடு, பாஷை, குளிர், மணித்தியாலக் கணக்கில் விமானம். இதில் எதையும் கணிப்பில் போடமுடியாது என்றாள். அவள் இரண்டு தரம் ஜப்பானுக்குப் போய் அவர் எறிவதைப் பார்த்து வந்தாள். திரும்பிவந்து, வாங்கலாம் என்று எழுதினாள். முடிவு எடுத்தவர்கள் மேலே இருக்கிற பெரியவர்கள். ஆனால் அறிக்கையின் அடியில் முதல் பெயர் இவளுடையது.

4

ஆளை வரவேற்ற நாள் ரி.வி.யில் காட்டினார்கள். கோட் சூட்டுக்கு மேலே அணியின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். பாவம், குளிருக்கு இரண்டு சட்டை போட்ட மாதிரி நின்றார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, பாடமாக்கி வந்த இரண்டு ஆங்கில வசனத்தை அவர் தானே சொன்னார். இங்கே வந்ததில் மெத்த மகிழ்ச்சி, எல்லோரும் எனக்கு உதவி செய்யுங்கள். இரண்டாவது வசனத்தின் நடுவில் ஒரு சொல் மறந்து, கண்ணை மூடி, தேடி எடுத்தார். சாந்தி அழத் தொடங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் "எங்கட பொடியன்". வயது இருபத்தேழு, சம்பளம் எங்கள் பரம்பரைக்கே காணும், என்றாலும் பொடியன்.

நானும் மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்தவன்தான். விமானநிலையத்தில் அது மூன்றும் முடிந்தபிறகு அதிகாரி விபரம் நிரப்புகிற பாரம் ஒன்றை வைத்துக்கொண்டு "லாஸ்ட் நேம்?" என்றார். லாஸ்ட் என்றால் கடைசி என்று எனக்குத் தெரியும். வீட்டில் கடைசி யார் என்று கேட்கிறார் என்று நினைத்து, கடைசித் தங்கச்சியின் பெயரைச் சொன்னேன். குமுதினி. அவர் எழுத்துக்கூட்டிக் கேட்டார். நானும் சந்தோஷமாக எழுத்துக்கூட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த காகிதம், அட்டை எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் குமுதினி. வந்த புதிதில், நகரத்தின் நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். தபால் வந்தால் மிஸ்ரர் குமுதினி என்று கூப்பிட்டுத் தருவார்கள். அதை மாற்ற இரண்டு வருடம், பதினொரு பாரம், ஒரு சத்தியக் கடதாசி. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். கடைசியாகக் கேட்ட பெண்மணி மட்டும் மேசையில் தலையை வைத்துச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இதையெல்லாம் நான் வீட்டில் பலதரம் சொல்லியிருக்கிறேன். இதைவிட அதிகமாகச் சொன்னது என்னை அனுப்பின கதை. அக்காவுக்குச் சீதனமாக வைத்திருந்த காணியை ஈடுவைத்து, கொழும்பில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, அப்பா என்னை அனுப்பினார். அண்ணை இருந்தார், என்னைவிட மூத்தவர், பலசாலி. ஆனால் அப்பா என்னைத்தான் தெரிவு செய்தார். என் கணக்குக் கொப்பியைப் பார்த்து, இவன்தான் போய்ப் பிழைப்பான் என்று முடிவு கட்டினார். அப்பா ஆளை அளக்கத் தெரிந்தவர் என்பது இந்தக் கதையின் பாடம். ஆரபிக்கு இது மனப்பாடம். நான் தொடங்கினால் அவள் வாயசைப்பாள்.

பொடியன் முதல் இரண்டு ஆட்டமும் நன்றாக எறிந்தார். சாந்தி பூசை அறையில் ஒரு விளக்கு கூடுதலாக வைத்தாள். மூன்றாவதில் அடி வாங்கினார். நாலாவதிலும். பிறகு ஒருநாள் எறிந்துகொண்டிருந்தபோதே முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் புதன்கிழமை ரேடியோவில் கேட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரபி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. தோசையை இரண்டு துண்டு பிய்த்துவிட்டுக் கொம்பியூட்டரைத் திறந்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். பல கேள்விகள் இருந்தன. அவளைப் பிடித்து வைத்திருந்தது கடைசிக் கேள்வி. அன்றைக்குக் கையில் இருந்த அதே தகவல்களோடு, இதே பரிந்துரையை மீண்டும் செய்வீர்களா?

இல்லை என்று எழுதினால் பிழையை ஒப்புக்கொண்டு பாடம் படித்த ஆள். மேலதிகாரியும் அப்படி எழுதுவதுதான் நல்லது என்று சாடையாகச் சொல்லியிருக்கிறார். ஓம் என்று எழுதினால், இவ்வளவு காசு போனபிறகும் திருந்தாத ஆள். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பது இந்தப் பாரத்தில் தொங்குகிறது.

"நீ என்ன எழுதினனி?" என்று கேட்டேன்.

"நோ எண்டு போட்டிருக்கிறன்" என்றாள். "பட் அது பொய், அப்பா. அண்டைக்கு இருந்த நம்பர்ஸோட நான் நூறு தரம் செய்தாலும் யெஸ் எண்டுதான் சொல்லுவன்."

பிள்ளையைத் தேற்றவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நான் என் கதையை எடுத்தேன். ஒரு ஆளில் காசு கட்டுவதென்றால் எண்களை மட்டும் பார்க்கக்கூடாது, என் அப்பா என்னை எப்படித் தெரிவு செய்தார் என்று கேள் என்று தொடங்கினேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்து நான் நிறுத்தியிருக்கவேண்டும். நான் நிறுத்துகிற ஆளா. சாட்சிக்கு அக்காவையே கூப்பிடுகிறேன் பார் என்று போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

பரமேசு அக்கா கோண்டாவிலில் மிளகாய் அரைக்கிற மில் வைத்திருக்கிறார். அங்கே அப்போது பின்னேரம், மில் பூட்டுகிற நேரம். மிளகாய்த் தும்மலோடுதான் பேச்சைத் தொடங்கினார். சுகம் விசாரித்தபிறகு நான் பெருமையாகக் கேட்டேன், அப்பா என்னை ஏன் தெரிவு செய்தவர் என்று உங்கள் மருமகளுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ என்று.

"உன்னை ஆர் தெரிஞ்செடுத்தது?" என்றார் அக்கா. "அது உன்ர அண்ணைக்குக் கட்டின காசெல்லே."

எனக்கு விளங்கவில்லை. அண்ணை அப்பாவுக்குத் துணையாக அல்லவா கொழும்புக்குப் போனவர் என்றேன்.

"துணையோ? பிளேன் ஏறப் போனவன். லொட்ஜில நாலு நாள் நிண்டான். அஞ்சாம் நாள், தோட்டத்தில வெங்காயத்துக்குத் தண்ணி மாறவேணும் எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஏறீட்டான். ஏஜென்சிக்காரன் கட்டின காசு திரும்பாது, வேற ஆளைத் தாங்கோ எண்டான். வீட்டில மிச்சம் நிண்ட ஆம்பிளைப் பிள்ளை நீதான்."

"அப்ப என்ர கணக்குக் கொப்பி?"

"உன்ர கொப்பியை அப்பா எங்க பாத்தவர்? அவருக்கு அப்ப கிட்ட வச்சா ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி வாங்கினதே பிறகு நீ அனுப்பின காசிலதான்."

அந்த முறை வெங்காயத்துக்கு நல்ல விலை என்றும் சொன்னார். அண்ணை இன்றுவரை அதில் ஒரு கவலையும் படவில்லையாம். இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார்.

குசினி வாசலில் நின்ற சாந்தி, "அப்ப எனக்கு வரவேண்டினது அண்ணையோ?" என்றாள். ஆரபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமல் சிரித்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளையின் சிரிப்பைக் கேட்கிறேன், அதுவும் என் செலவில். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள்.

"மாமி, உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா? செக் பண்ணாம வேற ஆளை அனுப்பி, உங்கட லாண்ட் எல்லாம் வச்சு…"

"பயம்தான் பிள்ளை. காணி என்ர. காசைக் கடலுக்கை போட்டதெண்டு நினையுங்கோ எண்டு அப்பா அண்டைக்கே சொல்லிப்போட்டார். பிறகு ஒருத்தரும் காசைப் பற்றிக் கதைக்கேல்லை. இவன் போய்ச் சேரவேணும், அவ்வளவுதான். நானும் கொழும்புக்குப் போய், அப்பாவோட பதினேழு நாள் லொட்ஜில ரெலிபோனுக்குப் பக்கத்தில இருந்தனான். இவன் எடுத்து, வந்திட்டன் அக்கா எண்டான். அந்தக் காசு அண்டைக்கே வந்திட்டுது. பிறகு அனுப்பினதெல்லாம் மேலதிகம்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்கும்படி ஒன்றும் இல்லை, மற்ற அடுக்குமாடிதான். ஆரபி விடவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது வேறு.

"மாமி, அப்பா போய்ச் சேராம விட்டிருந்தா? எல்லாம் போயிருந்தா? திருப்பியும் செய்வீங்களா?"

"செய்தனாங்கள்தானே" என்றார் அக்கா. "உன்ர கொப்பரின்ர அண்ணையின்ர மூத்தவனுக்கும் கட்டினது. அவன் பாங்கொக்கில பிடிபட்டு, மூண்டு மாசம் உள்ள இருந்து திரும்பி வந்தவன். கட்டினதில ஒரு சதம் மிஞ்சேல்லை."

"அப்ப என்ன செய்தனீங்க?"

"என்ன செய்யிறது? கட்டுநாயக்கா எயாப்போட்டில போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தம். பாயாசம் காய்ச்சினனான். ஆள் வந்திட்டுதெல்லே. இப்ப இந்த மில்லை அவன்தான் பாக்கிறான். நில், கறண்ட் பில்லைக் கேக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கியது. ஏமாற்றம் என்று பிள்ளை நினைத்திருப்பாள். ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட நிம்மதி. அண்ணை இருக்க என்னைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்களே, அதற்கு நான் பெறுமதியாக இருக்கவேண்டுமே என்று இரண்டு வேலை, மூன்று வேலை செய்த காலம் உண்டு. ஒரு வீடு வாங்காமல் இன்னும் அடுக்குமாடியில் இருக்கிறேனே, அப்பாவின் கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று எத்தனையோ தரம் குமைந்திருக்கிறேன். பார்த்தால் அப்பா கணக்கே பார்க்கவில்லை. அந்த மனுஷன் லொட்ஜில் இருந்து எனக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். சாந்தி வந்து என் தோளில் கை வைத்துவிட்டு, தோசைக்கல்லைப் போய்ப் பார்த்தாள்.

ஆரபி கொம்பியூட்டரை மூடிப் பையில் வைத்தாள். என்ன எழுதப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் மிச்சத் தோசையைச் சாப்பிட்டாள். இன்னும் இரண்டு கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள்.

6

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பலகைத் தட்டைப் பிழையான இடத்தில் வைத்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் போனில் ஒரு தகவல் வந்தது. ஆரபி எனக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். இது தமிழ் எழுத்தில் இருந்தது.

"ஓம் என்டு எலுதினன்."

எனக்கு ழகரம் பிழைத்தால் பொறுக்காது. கடைப் பெயர்ப்பலகையில் கண்டால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அன்றைக்கு அந்தப் பிழையை நாலைந்து தரம் வாசித்தேன். கூட்டம் முடிந்துவிட்டதா, என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதினேன். அவள் எழுதுகிறாள் என்று புள்ளிகள் ஓடின, நின்றன, திரும்ப ஓடின. என் மீன்குழம்பு ஆறிப்போனது.

ஏன் ஓம் என்று நிறையக் கேட்டார்களாம். எண்களை எல்லாம் காட்டினாளாம். அதற்குப் பிறகும் மேலதிகாரி, இவ்வளவு நடந்தபிறகும் எப்படி என்று கேட்க, பரமேசு மாமியின் கதையைச் சொன்னாளாம். காணி, வெங்காயம், பாங்கொக், எல்லாம். "பாயாசம் என்டா என்ன என்டு கேட்டவை" என்று எழுதியிருந்தாள்.

சத்திரசிகிச்சை வியாழக்கிழமையாம். பொடியனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க, பாஷை தெரிந்த ஆள் என்று இவளையே அனுப்புகிறார்களாம். அவர் திரும்ப எறிவாரா என்று கேட்டேன். எறியலாம், எறியாமலும் விடலாம் என்றாள். உன் வேலை என்ன மாதிரி என்று கடைசியாகக் கேட்டேன். முதலே கேட்டிருக்கவேண்டிய கேள்வி, பயத்தில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"பருவம் முடியுமட்டும் இருக்கு. பிறகு தெரியாது அப்பா."

மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பினார்கள். நான் நின்றபடியே, பெரிய விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினேன்:

"வேலை போனாலும் வீட்டை வா பிள்ளை. பாயாசம் காய்ச்சுவம்."